நள்ளிரவில் டாக்ஸி பேரம்! பண்ருட்டிக்காரர்கள் படும் பாடு

பண்ருட்டி:
வளைகுடா நாடுகளில் இருந்து வருகிற விமானங்களில் பல, ஊர் உறங்கும் நேரத்தில்தான் சென்னையில் வந்து இறங்குகின்றன.

2 வருஷம் கழித்து ஊர் திரும்புகிற பண்ருட்டிக்காரர், பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டிகளைத் தேடி எடுத்து வெளியே வருகிறார். மணி இரண்டரை!

"எங்க சார் போகணும்? பண்ருட்டியா? வாங்க சார், நம்ம வண்டி ரெடியா நிக்குது!"

கூப்பிடுகிறவர் யார் என்று தெரியாது. வண்டி எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. ஆனால் பெட்டியில் கை வைத்துவிட்டார் என்றால், பாதி பேரம் முடிந்தது என்று அர்த்தம்!

போக வர கணக்கு

விமான நிலையத்தில் இருந்து பண்ருட்டிக்கு ஏறக்குறைய 165 கிலோ மீட்டர். நெய்வேலி டவுன்ஷிப் என்றால் அதற்கு மேலும் 20 கிலோ மீட்டருக்குக் குறையாது.

கிலோ மீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி மட்டும் என்றால் 2,310 ரூபாய். "வண்டி காலியா திரும்பணுமே சார்" என்று போக வர கணக்குப் போட்டால் அதுவே 4,620 ரூபாய்! டிரைவர் பேட்டா தனி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிப் பணம் தனி.

ஒரு வழியா, இரு வழியா, டோல்கேட் யார் தலையில் என்பதை ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்!

நம்பர் பலகையையும் பாருங்கள். பெட்ரோல், டீசலில் ஓடும் வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்தக் கார். விபத்து என்று வந்தால் இன்சூரன்சில் சிக்கல் வரும்.

வராத விமானம்

நெய்வேலியிலேயே விமான ஓடுதளம் உண்டு. ஒரு காலத்தில் வாயுதூத் சிறு விமானங்கள் வந்து போயின. 2017-ல் உடான் திட்டப் பட்டியலில் நெய்வேலி பெயர் வந்தது. அதே பட்டியலில் இருந்த சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்துவிட்டது. நெய்வேலிக்காரர்கள் மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்ஸிதான் பேசினார்கள்!

தூங்காத டிரைவர்

"இந்த வம்பே வேண்டாம்" என்று பலர் ஊரில் இருந்தே தெரிந்தவர் காரை வரச் சொல்லிவிடுகிறார்கள். அம்மா, மச்சான், குழந்தைகள் எல்லோரும் அதில் ஏறி வருவார்கள். வாடகையும் நியாயமாக இருக்கும்.

ஆபத்து இங்கேதான்!

அந்த டிரைவர் காலையில் கல்யாண சவாரி போயிருப்பார். சாயங்காலம் பண்ருட்டியில் கிளம்பி 4 மணி நேரம் ஓட்டி வந்திருப்பார். விமானம் தாமதம் என்று கார் நிறுத்துமிடத்தில் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பார். இரண்டரை மணிக்கு மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

மனிதனுக்கு உறக்கம் அதிகமாக அழுத்துவது 2 மணியில் இருந்து 5 மணி வரை. மேல்மருவத்தூர், திண்டிவனம், விக்கிரவாண்டி எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். ரோடு நேராக இருக்கும். பின்சீட்டில் எல்லோரும் குறட்டை. டிரைவருக்கு ஒரு கண் மூடினால்?

"எப்பண்ணே தூங்கினீங்க?" என்று முதலில் கேளுங்கள். முன்சீட்டில் விழித்திருக்கிற ஆள் உட்காரட்டும். கண் சொருகினால் டீ மட்டும் போதாது. பெட்ரோல் பங்க்கில் ஒதுக்கிவிட்டு அரை மணி தூங்கச் சொல்லுங்கள்.

தனி ஆளாக வருகிறவர் விடியும்வரை விமான நிலையத்திலேயே இருந்துவிடலாம். எதிரே திரிசூலம் ஸ்டேஷன். 5 மணிக்குள் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிடும். வண்டலூரில் இறங்கினால் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம்தான். கும்பகோணம் பஸ்களில் பல பண்ருட்டி, நெய்வேலி வழியாகத்தான் போகின்றன. இரவே போயாக வேண்டும் என்றால் டாக்ஸியைக் கிளாம்பாக்கம் வரைக்கும் மட்டும் பேசலாம்.

காரிலேயே வந்தவர்கள் பொழுது விடிய வீடு சேர்வார்கள். பெட்டி இறங்கும். காபி வரும். "அண்ணே, திண்ணையில கொஞ்சம் படுத்துட்டுப் போங்க" என்றால் டிரைவர் சிரிப்பார்.

"ஏழு மணிக்குக் கடலூர் சவாரி இருக்கு சார்!"