மனநல ரகசியம் எதுவரை?

1969 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த இந்திய மாணவர் ஒருவர், தன்னை ஏற்க மறுத்த பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொல்கிறார் என்பது எளிதில் தெரிந்தது. உளவியலாளர் சும்மா இருக்கவில்லை. வளாகப் போலீஸிடம் வாய்மொழியாகவும் கடிதம் மூலமும் தெரிவித்தார். போலீஸார் மாணவரைப் பிடித்து விசாரித்தார்கள். தெளிவாகத்தான் பேசுகிறார் என்று முடிவுகட்டி, அந்தப் பெண்ணின் பக்கமே போக மாட்டேன் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மனநலப் பிரிவின் தலைவரோ கடிதத்தையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழித்துவிடச் சொன்னார்.

அப்போது பிரேசிலில் இருந்த பெண்ணுக்கோ, பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பிய அவர், அக்டோபர் 27 அன்று அந்த மாணவராலேயே கொல்லப்பட்டார்.

பெண்ணின் பெற்றோர் தொடுத்த, அவர்கள் குடும்பப் பெயரால் தாராசாஃப் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நோயாளியால் இன்னொருவருக்குக் கடும் ஆபத்து என்று தெரிந்தால், அவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை. சம்பந்தப்பட்டவரை எச்சரிப்பதா, போலீஸுக்குச் சொல்வதா, வேறு வழியா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது.

இந்தியாவில் என்ன நிலை? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்குகிறது. பிறரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காக்கத் தேவைப்பட்டால் தகவல் தரலாம் என்பது விதிவிலக்கு. அப்போதும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையானதை மட்டுமே சொல்ல வேண்டும். 'உங்கள் உயிருக்கு மிரட்டல் இருக்கிறது, கவனம்' என்று எச்சரிக்கலாம். நோயாளியின் பால்ய காலக் கதையையும் மாத்திரைப் பட்டியலையும் சொல்லத் தேவையில்லை.

குழந்தைகள் விஷயத்தில் 'சொல்லலாம்' என்பது 'சொல்லியே ஆக வேண்டும்' என்றாகிறது. பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போலீஸுக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி கட்டாயம். இது கவுன்சலிங் அறைக்கும் பொருந்தும்.

கோபத்தில் 'அவனைத் தீர்த்துக்கட்டணும்' என்று சொல்கிற எல்லோரும் ஆபத்தானவர்கள் அல்லர். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் வன்முறையில் இறங்குவதில்லை. ஆகவே பொறுப்பான சிகிச்சையாளர் துருவிக் கேட்பார்: யாரை, எப்போது, எப்படி, கையில் ஆயுதம் உண்டா, முன்பு அடிதடி நடந்ததா? பதில்களைக் குறிப்பேட்டில் எழுதி, மூத்த மருத்துவரிடம் கலந்தாலோசிப்பார். முதல் சந்திப்பிலேயே ரகசியத்தின் எல்லையை நோயாளிக்குச் சொல்லிவிடுவதே முறை.

குடும்பத்தாருக்கும் வழிகள் உண்டு. ஆபத்து உடனடியானது என்றால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின் கீழ் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவு. ரகசியம் காரணமின்றி வெளியானால், மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியிடம் புகார் தரலாம். திருப்தியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம்.

மிரட்டல் உடனடியானது என்றால் 112. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டு எண்களையும் போனில் பதிந்துவையுங்கள்.