முன்பணம் கொடுக்குமுன்



தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான் நமக்கு. ஆகவே, சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் நிலம் வாங்க எண்ணுகிறோம். உறவினர் ஒன்று சொல்வார். தரகரோ, “மலிவு நிலம், இன்றே முன்பணம் கொடுங்கள்” என்பார். எல்லாரையும் கேட்போம், ஆனால், கிராண்டின் விவரம் பார்த்த பிறகே பணத்தை எடுப்போம்.

நில அலுவலகத்தில் கிராண்ட் எண்ணையும் லாட் எண்ணையும் கொடுத்து, சிறு கட்டணம் கட்டினால், பதிவு விவரம் கிடைக்கும். நிலம் விற்பவர் பெயரில் உள்ளதா? வங்கியில் அடகு உள்ளதா? 99 ஆண்டுக் குத்தகையாயின், எத்தனை ஆண்டு மீதம்? மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமாயின், நம் பெயருக்கு மாற்ற முடியாது. மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அவசரப்படுத்துபவரிடம், “நில அலுவலகம் போய்விட்டு வருகிறோம்” என்று சொல்வோம். நேர்மையானவர் காத்திருப்பார்.