எதிரே வருபவனுக்கு வழி விடலாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குப் போனதும் பயணம் முடிந்துவிடாது. சேர்வராயன் கோயிலுக்கு இன்னும் மேலே ஏற வேண்டும். அந்தக் குகைக் கோயில் இருப்பது 5,000 அடிக்கும் மேலே. இந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம்: குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். மேட்டில் நின்று மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று கிளட்ச் மிதித்தவர்களுக்குத் தெரியும். இது சட்டத்திலும் இருக்கிறது.

வானத்தில் மேடும் இல்லை, வளைவும் இல்லை. அங்கே இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால்?

பயணிகள் விமானமானாலும் சரி, பயிற்சி விமானமானாலும் சரி, உலகம் முழுக்க ஒரே விதிதான்: இரண்டு பேருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓட்டுகிற போர் விமானங்களில்தான். 'வார் தண்டர்', 'ஐஎல்-2', 'டிசிஎஸ்' என்று விமானச் சண்டை விளையாட்டுகள் பல. அவற்றில் தீராத வழக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஹெட்-ஆன்'. எதிரி நேராக வருகிறான், நீங்களும் நேராகப் போகிறீர்கள், இருவரும் சுட்டுக்கொண்டே நெருங்குகிறீர்கள். யார் முதலில் விலகுவது?

என் அக்கா மகன் கல்லூரி மாணவன். ஒருநாள் போனைச் சோபாவில் வீசிவிட்டு, "வேணும்னே வந்து மோதிட்டான் மாமா! இவனையெல்லாம் யாரு விளையாட விட்டது?" என்று கத்தினான். அரை மணி நேரமாகப் பொறுமையாகச் சேர்த்த உயரமும் வேகமும் ஒரே நொடியில் போச்சே என்ற ஆத்திரம். அவனிடம் கேட்டுக் கேட்டு நானும் இந்த விஷயத்துக்குள் இறங்கினேன்.

கணக்கு எளிது. இரண்டு விமானங்களும் மணிக்கு 500 கிலோமீட்டரில் வந்தால், இடைவெளி மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் சுருங்குகிறது. அதாவது நொடிக்குச் சுமார் 278 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எதிரியைக் குறிவைத்தால், மோதுவதற்கு நான்கு நொடிகூட இல்லை. குறி பார்க்க, சுட, விலக எல்லாம் அதற்குள். இதில் திறமைக்கு இடம் குறைவு. விமானத்தின் அமைப்புக்குத்தான் இடம் அதிகம். மூக்கில் பீரங்கி வைத்த விமானத்தின் குண்டுகள் நேர்கோட்டில் போகும். இறக்கைகளில் துப்பாக்கி வைத்த விமானத்தின் குண்டுகளோ குறிப்பிட்ட ஒரு தூரத்தில்தான் ஒன்றுசேரும். காற்றால் குளிரும் என்ஜின் நாலைந்து அடி வாங்கியும் ஓடும். திரவத்தால் குளிரும் என்ஜினுக்கு ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கதை முடிந்தது.

நிஜப் போரில் இதை ஒரு தந்திரமாகவே செய்திருக்கிறார்கள். 1942 நவம்பர் 23 அன்று பிரான்ஸின் சான் நசேர் நகரத்தைத் தாக்க வந்த அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்களை, எகான் மாயர் தலைமையிலான ஜெர்மன் விமானிகள் முன்பக்கமாகவே பாய்ந்து தாக்கினார்கள். அந்தப் பெரிய விமானங்களுக்குப் பின்னால் பாதுகாப்பு பலமாகவும், மூக்குப் பக்கம் பலவீனமாகவும் இருந்ததைக் கண்டுபிடித்ததுதான் காரணம். அதற்குப் பதிலாகத்தான் 1943-இல் வந்த பி-17ஜி ரகத்தில் மோவாய்க்கட்டை போல மூக்கின் கீழே இரட்டைத் துப்பாக்கி முளைத்தது.

ஆனால் பயிற்சியில்? அமெரிக்கப் படைகளின் விதிப்படி, சண்டைப் பயிற்சியில் எதிரியின் முன்பக்கத்திலிருந்து துப்பாக்கித் தாக்குதல் செய்வது போலப் பாய்வதற்கே தடை. ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் 500 அடி எல்லை உண்டு. நேருக்கு நேர் வந்தால், ஏற்கெனவே எந்தப் பக்கமாக விலகத் தொடங்கினார்களோ அதையே தொடர வேண்டும். அப்படி எதுவும் தெரியாவிட்டால் இடப்பக்கம் இடப்பக்கத்தைப் பார்க்கும்படி கடக்க வேண்டும். அவர்களுக்கு ஒரே ஒரு உயிர்தானே!

விளையாட்டில் உயிருக்குப் பதில் வெள்ளிக்காசு போகும். அதனால்தான் துணிச்சல் கூடுகிறது. இருந்தாலும் பழகிய ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் தனியாக மோதும்போது ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள்: முதல் முறை கடக்கும்போது சுடுவதில்லை, கடந்த பிறகுதான் சண்டை ஆரம்பம். பொதுக் களத்தில் இந்த ஒப்பந்தம் கிடையாது. அங்கே ஹெட்-ஆன் சுடுவது தப்பே அல்ல என்பது என் கட்சி. சுடுவது வேறு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்து வேண்டுமென்றே இடிப்பது வேறு. இரண்டாவதை யாரும் மதிப்பதில்லை.

பிடிக்காதவர்கள் மறுக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. தூரத்திலேயே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி எதிரியின் கீழே போய்விடுங்கள். உங்களைக் குறிவைக்க அவன் தன் மூக்கை அமுக்க வேண்டும். அவனுடைய என்ஜினே உங்களை மறைத்துவிடும். அவன் கடந்து போவதற்குச் சற்று முன்பே நீங்கள் திரும்பத் தொடங்கினால், அவன் திரும்பிப் பார்க்கும்போது அவன் வால் பக்கம் நீங்கள் இருப்பீர்கள்.

மருமகனின் வழக்குக்கு வருகிறேன். மோதிய ஆளும் சும்மா இருக்கவில்லை, "நீதான் இடித்தாய்" என்று எழுதியிருந்தான். இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இணையத்தில் கால் நொடித் தாமதம் இருந்தால், உங்கள் திரையில் தெரிகிற எதிரி கால் நொடிக்கு முந்தையவன். அதற்குள் இடைவெளி சுமார் 70 மீட்டர் சுருங்கியிருக்கும். விமானமோ சுமார் ஒன்பது மீட்டர் நீளம். இடையில் அவன் எங்கே இருப்பான் என்று விளையாட்டு ஊகித்து வரைகிறது. கடைசி நொடியில் அவன் சட்டென்று வளைந்தால் ஊகம் சில மீட்டர் பிசகும். இடித்ததா, உரசாமல் போனதா என்பதை மாற்ற அது போதும். அவன் திரையில் அவன் விலகியிருக்கிறான், இவன் திரையில் இவன் விலகியிருக்கிறான்.

இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப கடைசி நேரத்துல விலகறது விலகறதே இல்லையா மாமா?" என்றான். "அரைக் கிலோமீட்டருக்கு முன்னாடியே விலகு" என்றேன். போனை எடுத்து, அந்த ஆளுக்கு மறுபடி ஒரு ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பினான். கூடவே ஒரு வரி: முதல் கடப்பில் சுடக் கூடாது, இடப்பக்கத்துக்கு இடப்பக்கம்.