திருமலைப் படிகள் ஏறியவருக்கு இமயமலைக் கணவாய் எளிதா? உயரம் உடலில் நிகழ்த்தும் மாற்றங்கள் என்ன?

சித்தூர்: கங்காதர நெல்லூர், சித்தூர், திருப்பதி வட்டார மக்களுக்கு மலையேற்றம் புதிதன்று. அலிபிரியிலிருந்து 3,550 படிகளை நடந்தே ஏறித் திருமலையை அடைவது இங்குள்ள பல குடும்பங்களின் வழக்கமான வேண்டுதல். அந்தப் பழக்கம் தரும் துணிவோடு இமாச்சலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாயைக் கடக்கப் புறப்படுவோர், கால் வலிமையால் மட்டும் ஈடுகட்ட முடியாத ஒன்று அங்கே காத்திருப்பதை அறிந்துகொள்வது அவசியம்.

சித்தூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. திருமலையின் உயரம் சுமார் 850 மீட்டர். ஹம்ப்டா கணவாயோ சுமார் 4,270 மீட்டர். எந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் ஆக்சிஜனின் அளவு சுருங்குகிறது. கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு திருமலையில் கிடைக்கிறது. ஹம்ப்டா உச்சியில் கிடைப்பது பத்தில் ஆறு பங்கு மட்டுமே.

குறையை ஈடுசெய்ய உடல் முதலில் வேகமாக மூச்சு வாங்குகிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சின் வேகத்துக்குத் தடை போடுகிறது. உபரிக் காரத்தைச் சிறுநீரகங்கள் மெல்ல வெளியேற்றிய பிறகே அந்தத் தடை தளரும். இதற்குச் சில நாட்கள் தேவை. இரத்தச் சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகுவதற்கோ வாரங்கள் ஆகும். உடற்பயிற்சியால் இந்தக் கால அவகாசத்தைக் குறைக்க முடியாது. சொல்லப்போனால், திடகாத்திரமான இளைஞர்களே விரைந்து ஏறி விரைவில் சிக்கலுக்கு உள்ளாகிறார்கள்.

ஹம்ப்டா பாதையில் முதல் நாள்தான் கவனத்துக்குரியது. சமவெளியிலிருந்து தில்லி சென்று, இரவுப் பேருந்தில் சுமார் 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியை அடைந்து, அன்றே ஜோப்ரா வழியாக சுமார் 3,100 மீட்டரில் உள்ள சிக்கா முகாமுக்குப் போய்விட முடியும். உடலுக்கு இது பெரும் தாவல். மணாலியில் ஓரிரு இரவுகள் தங்கிச் செல்வது வீண் செலவன்று. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதே மருத்துவ வழிகாட்டுதல். சிக்காவிலிருந்து சுமார் 3,600 மீட்டரில் உள்ள பாலு கா கேரா முகாம் இந்த வரம்பை ஒட்டியே அமைகிறது. கணவாயைக் கடந்த பின் வருவது ஷியாகோரு, பிறகு சத்ரு. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; சந்திரா ஆற்றங்கரையில் உள்ள அமைதியான இடம் அது. பசுமை நிறைந்த குலு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, மழை மறைவுப் பகுதியான லாஹவுலின் வறண்ட மலைகளுக்குள் இறங்கும் அந்த மாற்றமே இப்பயணத்தின் சிறப்பு.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை உயர்மலை நோயாகக் கருதி, மேற்கொண்டு ஏறுவதை நிறுத்த வேண்டும். ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கக்கூடும். குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க இயலாமல் தள்ளாடினால், மூளை வீங்கியிருக்க வாய்ப்புண்டு. இவ்விரண்டிலும் விடியும் வரை காத்திருத்தல் கூடாது. உடனடியாகக் கீழே இறக்குவதே முதன்மையான சிகிச்சை. முன்னெச்சரிக்கையாக அசெட்டசோலமைடு மாத்திரை பரிந்துரைக்கப்படுவதுண்டு. அது சிறுநீரகங்களின் பணியை விரைவுபடுத்துகிறது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சைத் தாழ்த்துவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

படிப்படியான தயாரிப்புக்கு அருகிலேயே முன்னுதாரணம் உண்டு. 2014 மே 25 அன்று, அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் நிஜாமாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா, 14 வயது நிறைவடைவதற்கு முன்பே எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். புவனகிரி பாறையில் தொடங்கிய அவரது பயிற்சி, டார்ஜிலிங், லடாக் மலைகளில் தொடர்ந்த பிறகே எவரெஸ்ட் பயணம் அமைந்தது.

உடல் பழகினாலும் வானிலை பழகுவதில்லை. உத்தராகண்டில் சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள சஹஸ்த்ர தால் ஏரிக்கு 2024 ஜூனில் சென்ற 22 பேர் கொண்ட குழு, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கர்நாடகாவிலிருந்து சென்றவர்கள். நனைந்த ஆடையும் பலத்த காற்றும் சேர்ந்தால், கோடைக் காலத்திலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

எனவே முன்பதிவுக்கு முன்னர் ஏற்பாட்டாளரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டறியலாம்: அட்டவணையில் உபரி நாள் இருக்கிறதா, ஆக்சிஜன் உருளை உடன் வருகிறதா, ஒருவர் நோயுற்றால் அவரோடு கீழே இறங்க ஒரு வழிகாட்டி ஒதுக்கப்படுவாரா? கணவாயைக் கடக்கும் நாளில் எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் குழு திரும்பிவிடும் என்பதையும் கேட்க வேண்டும். மலையில் பிற்பகலில் வானிலை கெடுவது வழக்கம் என்பதால் அந்த நேரம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருப்பது நல்லது.