பறவைகளுக்கு வளையமிடல்

பறவைகளுக்கு வளையமிடல் என்பது காட்டுப் பறவைகளைத் தீங்கின்றிப் பிடித்து, எண் பொறித்த சிறு உலோக வளையத்தைக் காலில் அணிவித்து, மீண்டும் பறக்கவிடும் ஆய்வு முறையாகும். ஒவ்வொரு வளையத்துக்கும் தனி எண் உண்டு. அப்பறவை மறுபடி அகப்பட்டால், அதன் வலசைப் பாதை, வயது ஆகியவற்றை அறிய இயலும்.

வரலாறு

டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் ஹான்ஸ் மோர்டென்சன் 1899 இல் மைனா குடும்பப் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை அணிவித்தார். முறையான வளையமிடல் இதிலிருந்தே தொடங்கியதாகக் கருதப்படுகிறது.

1957 இல் கர்நாடகத்தில் கியாசனூர்க் காட்டு நோய் கண்டறியப்பட்டது. அதன் தீநுண்மி உருசியாவில் காணப்படும் ஒன்றை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் அதைக் கொணர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. இதனையொட்டி, உலக சுகாதார அமைப்பின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலி தலைமையில் 1959 இல் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கோடியக்கரை இப்பணியின் முதன்மைக் களமாயிற்று.

செய்முறை

கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நைலான் வலைகள் கம்பங்களுக்கிடையே கட்டப்படுகின்றன. சிக்கிய பறவை துன்புறாதிருக்க வலைகளை அடிக்கடி பார்வையிட வேண்டும். பறவை துணிப்பையில் வைக்கப்பட்டு, சிறகின் நீளம், எடை, உடற்கொழுப்பு, இறகுதிர்வு ஆகியவை குறிக்கப்படும். கதிர்க்குருவிகளில் பல இனங்கள் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. கையில் எடுத்துச் சிறகிறகுகளை அளந்தால் அவற்றைப் பிரித்தறிவது எளிதாகும். இந்தியாவில் இப்பணிக்கு வனத்துறையின் அனுமதி தேவை.

வலசைக் காலம்

தமிழ்நாட்டில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வலசைக் குருவிகள் வரத் தொடங்குகின்றன. சாம்பல் வாலாட்டி முதலில் வருவனவற்றுள் ஒன்று. இது ஆண்டுதோறும் அதே இடத்துக்கு, சில வேளைகளில் அதே தோட்டத்துக்கே, திரும்புவது அறியப்பட்டுள்ளது. தகைவிலான், பழுப்புக் கீச்சான், ஆறுமணிக் குருவி ஆகியனவும் இப்பருவத்தில் வருகின்றன.

பார்த்துக் குறிப்பெடுப்பதற்கு வலை தேவையில்லை. திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்திலுள்ள நஞ்சராயன் குளம் 2022 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளுக்குப் பெயர்பெற்ற இத்தகைய குளங்களின் கரைகளிலும் நாணல்களிலும் வாலாட்டிகளையும் கதிர்க்குருவிகளையும் தேடலாம். இனம், எண்ணிக்கை, நாள், நேரம் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்துவந்தால், வருகை முந்துகிறதா பிந்துகிறதா என்பது தெரியவரும்.

வளையம் கிடைத்தால்

வளையமிட்ட சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மீண்டும் கிடைப்பது அரிது. அவ்வாறு கிடைப்பனவற்றுள் பலவற்றைக் கண்டெடுப்போர் ஆய்வாளர் அல்லாத பொதுமக்களே. பறவை உயிருடன் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிட வேண்டும். இறந்திருந்தால் வளையத்தைப் படமெடுத்து, எண், இடம், நாள் ஆகியவற்றை அதில் பொறித்துள்ள நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கப்படாத வளையம் வெறும் உலோகத் துண்டே. அப்பறவையின் பயணம் எவருக்கும் தெரியாமற் போகும்.