பாறையில் ஊறும் ஜலம்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் பாதையில் கொட்டகுடி ஆறு நமக்கு வழித்துணையாக வருகிறது. மழை ஓய்ந்து பல நாளான பின்பும் கற்களுக்கிடையே ஜலம் சலசலக்கிறது. வானம் வெளுத்துக் கிடக்க, இது எங்கிருந்து வருகிறது? நிமிர்ந்து பார்த்தால் மலை முழுதும் பாறை!

அந்தப் பாறையிலிருந்துதான் வருகிறது. இங்கே பெரும்பாலும் இருப்பது சார்னோகைட் என்னும் கருநிறக் கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரி, 1893-ல் அந்த ஜாதிக் கல்லுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார். கல் என்னவோ சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான்!

மணலைப் போல் இந்தக் கல் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் மேலே உளுத்துப் பொடிந்த ஒரு போர்வையும், அதன் கீழே வெடிப்புகளும் உண்டு. காட்டுச் சருகும் வேரும் மழையின் வேகத்தைத் தணிக்க, ஜலம் அந்தப் போர்வையில் ஊறி, வெடிப்புக்கு வெடிப்பு இறங்கிச் சரிவின் கீழே கசிகிறது. வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடினால்தான் ஓட்டம். ஆகையால் ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஊற்றுக்கண் பொங்கும். வரப்புக்கு அப்பால் தோண்டினால் கற்பொடிதான் வரும். அண்ணன் தம்பி நிலங்களில் இப்படி நேர்ந்தால் ஜாதகத்தை நொந்துகொள்வது வழக்கம்!

ஹைதராபாத்திலுள்ள தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் இதை அளக்க ஒரு வழி கையாண்டார்கள். ட்ரிடியம் கலந்த சிறிது ஜலத்தை வேர்களுக்குக் கீழே செலுத்தி, மழைக்காலம் முடிந்ததும் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். கடும்பாறைப் பூமியில் பெய்யும் மழையில் நிலத்தடியில் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள்தான். பிரெஞ்சு விஞ்ஞானிகளும் அவர்களும் கூடி, ஹைதராபாத்துக்கு அருகே மகேசுவரத்தில் கருங்கல் பூமியையும் ஆராய்ந்தார்கள். நீர் கொடுக்கும் வெடிப்புகளில் பெரும்பாலானவை மேலேயுள்ள 30, 40 மீட்டருக்குள் அடங்கிவிடுவதாகக் கண்டார்கள். கீழே போகப் போக அவை அருகிவிடுகின்றன.

போடிப் பக்கத்துக் கல் வேறு ஜாதியானாலும் இந்த விஷயத்தில் உறவுதான். கடன் வாங்கி ஆயிரம் அடி துளைப்பவருக்கு அங்கே தனிக் கங்கை காத்திருப்பதில்லை. பல சமயம் அவர் இறைப்பது, வெடிப்பு வழியே இறங்கிவரும் பக்கத்துக் கிணற்றின் ஜலமே.

2018 மார்ச்சில் குரங்கணிச் சரிவில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற பலரைப் பலிகொண்டது. அத்தகைய தீயில் புல்லும் சருகும் கருகியபின், அடுத்த மழை நின்று ஊறாமல் மண்ணையும் அரித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடுகிறது. கீழே உள்ள கிணறுகளுக்கு அதில் வந்து சேர்வது சொற்பமே.