பழைய பெட்டிக்குப் புதிய மூளை

சுங்கை சிப்புட்டில் என் தாய்மாமா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மளிகைக் கடை நடத்தி வந்தார். கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளை ஒட்டி, ஆளுயர மரப்பெட்டி ஒன்று நிற்கும். முன்புறம் கண்ணாடித் திரை. அதன் கீழ் இரண்டு கைப்பிடிகள், பன்னிரண்டு பொத்தான்கள், நாணயம் போட ஒரு துளை. 1990களில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட அதன் முன் பையன்கள் வரிசை பிடித்து நிற்பார்களாம். 20 சென்னுக்கு ஓர் ஆட்டம். நான் பிறந்ததோ 2000க்குப் பிறகு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியின்மேல் வெங்காயக் கூடைதான் இருந்தது.

2023ஆம் ஆண்டு இறுதியில் மாமா கடையை மூடினார். பழைய இரும்பு வாங்குபவர் வந்து பெட்டிக்கும் விலை பேசிவிட்டுப் போனார். "தம்பி, உனக்கு வேணும்னா எடுத்துக்க. அடுத்த வாரம் அந்த ஆளு வந்துடுவான்" என்றார் மாமா. கணினி அறிவியல் படிக்கும் என்னால் மறுக்க முடியுமா? பழைய பெட்டிக்குள் ஒரு கணினியை வைத்துப் பல விளையாட்டுகளை ஓட விடலாம் என்று ஏற்கெனவே படித்திருந்தேன். அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை. அந்த வேலையில் நான் செய்த பெரிய தவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என்னை விட நீங்கள் கவனமாக இருக்க அது உதவும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெட்டியின் பின்கதவைத் திறந்தால் பார்ப்பதற்குக் குழப்பமாக இருக்கும். உண்மையில் உள்ளே இருப்பவை ஐந்தே பொருள்கள்: மின்சாரம் தரும் பகுதி, படக்குழாய்த் திரை, ஒலிபெருக்கி, கைப்பிடியும் பொத்தான்களும், விளையாட்டு அடங்கிய போர்டு. இவை அனைத்தையும் ஒரு வயர்க் கட்டு இணைக்கிறது. அந்தக் கட்டின் முனையில் ஒரு நீளமான இணைப்பான் இருக்கும். போர்டின் விளிம்பு அதற்குள் செருகிக்கொள்ளும்.

அந்த இணைப்பானுக்கு 'ஜாமா' என்று பெயர். ஜப்பானிய விளையாட்டு இயந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. அதற்கு முன் நிறுவனத்துக்கு நிறுவனம் வயர் அமைப்பு மாறும். விளையாட்டை மாற்ற வேண்டுமானால் வயர்களையும் மாற்ற வேண்டும். 1980களின் நடுவில் சங்கம் ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 28 வீதம் மொத்தம் 56 முனைகள். எந்த முனையில் 5 வோல்ட், எந்த முனையில் 12 வோல்ட், எதில் சிவப்பு நிறம், எதில் முதல் ஆட்டக்காரரின் 'இடது' என்பதெல்லாம் நிலையானவை. கடைக்காரர் பழைய போர்டை உருவிப் புதியதைச் செருகினால் போதும். பெட்டி புது விளையாட்டுக்குத் தயார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போல ஆளுக்கு ஆறு பொத்தான் கேட்கும் விளையாட்டுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிறு வயர்க் கட்டு தேவைப்படும்.

நான் செய்த தவறு

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் உற்சாகத்தில், "கணினி வைக்கப் போகிறோம், இந்தப் பழைய வயர் எதற்கு?" என்று நினைத்து, குறடை எடுத்து இணைப்பானுக்கு மேலே வயர்க் கட்டை ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். போர்டை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டேன். மாமா எட்டிப் பார்த்தார். "அறுத்துட்டியா? அப்ப அந்தப் பழைய கேம் இனிமே ஓடாதா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு விளையாட்டைப் பற்றி மட்டுமல்ல என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

மின்னியல் பொறியியல் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் படத்தை அனுப்பிக் கேட்டேன். "அதைக் கையாலேயே உருவியிருக்கலாமே, ஏன் வெட்டினாய்?" என்றார் அண்ணன். புதிய 56 முனை இணைப்பான் ஒன்றை வாங்கி, அறுந்த வயர்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினேன். முப்பது ஆண்டுப் புகையிலும் தூசியிலும் வயர்களின் நிறம் மங்கியிருந்தது. நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று மல்டிமீட்டரால் தேடிக் குறித்துக்கொண்டேன். இரண்டு இரவுகள் பிடித்தன. கைப்பிடி வயரை மாற்றி ஒட்டினால் இடது வலதாகும், அவ்வளவுதான். ஆனால் 12 வோல்ட் வயர் 5 வோல்ட் முனைக்குப் போனால் போர்டு கருகிவிடும். எனவே போர்டைச் செருகுவதற்கு முன் மின்முனைகளை மூன்று முறை அளந்தேன்.

போலச்செய்யும் மென்பொருள்

பல விளையாட்டுகளைக் கணினியில் ஓட வைப்பது எமுலேட்டர் என்னும் மென்பொருள். 'போலச்செய்வது' என்று தமிழில் சொல்லலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய கேப்காம் போர்டில் மோட்டோரோலா 68000 என்ற செயலி 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஒலிக்குத் தனியாக ஒரு இசட்80 செயலி. நம் கணினியின் செயலிக்கு 68000இன் கட்டளைகள் புரியாது. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, பொருள் பார்த்து, நம் கணினிக்குப் புரியும் வேலையாக மாற்றித் தருகிறது. திரைச் சில்லு, ஒலிச் சில்லு, பொத்தான்கள் என எல்லாவற்றையும் அதே நேரக் கணக்கில் போலச் செய்கிறது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். படிவம் ஒன்றில் ஆசிரியர் மலாயில் கேள்வி கேட்பார். நாம் அதை மனத்துக்குள் தமிழாக்கி, தமிழில் விடை யோசித்து, மறுபடி மலாயாக்கிச் சொல்வதற்குள் பக்கத்து மாணவன் சொல்லி முடித்திருப்பான். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பவன் மற்றவனை விடப் பல மடங்கு வேகமாக யோசித்தால்தான் நேரத்துக்குப் பதில் வரும். 10 மெகாஹெர்ட்ஸ் போர்டைப் போலச் செய்ய அதைவிடப் பல மடங்கு வேகமான கணினி தேவைப்படுவதும் இதனால்தான்.

இத்துறையில் பெயர்பெற்ற மென்பொருள் 'மேம்'. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். 2016இல் இது முழுமையான திறந்தமூல மென்பொருளானது. பழைய போர்டுகள் எப்படி வேலை செய்தன என்பதை ஆவணப்படுத்துவதே இதன் முதல் நோக்கம். விளையாட முடிவது அந்த ஆவணம் சரிதான் என்பதற்குச் சான்று. 1993இல் வந்த கேப்காமின் அடுத்த தலைமுறை போர்டுகளில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். நிரலின் பூட்டைத் திறக்கும் சாவி அந்த மின்கலத்தின் தயவில்தான் நினைவகத்தில் தங்கியிருக்கும். மின்கலம் தீர்ந்தால் போர்டு ஓடாது. இப்படி அழியக்கூடியவற்றை யாராவது பதிவு செய்துவைக்க வேண்டாமா?

திரையா, புதுத் திரையா?

இங்கே இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, படக்குழாயை எடுத்துவிட்டுத் தட்டைத் திரையும் ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினியும் வைப்பது. இது எளிது, எடையும் குறையும். ஆனால் பழைய விளையாட்டுகளின் படம் படக்குழாய்க்காகவே வரையப்பட்டது. தட்டைத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருமுறை கழற்றிய படக்குழாயைத் திரும்ப வைப்பதும் அரிது.

இரண்டாவது வழி, பழைய திரையை வைத்துக்கொண்டே கணினியை இணைப்பது. நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் திரை ஒரு படத்துக்கு ஏறத்தாழ 262 கோடுகள் வீதம் நொடிக்கு 60 படங்கள் வரையும். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 15,720 கோடுகள். சாதாரணக் கணினி இணைப்போ ஏறத்தாழ 31,500 கோடுகளை அனுப்பும். அதை அப்படியே கொடுத்தால் படம் சிதறும். திரைக்கும் கேடு வரலாம். எனவே குறைந்த வேகத்தில் படம் அனுப்பக்கூடிய பழைய ராடியான் வரைகலை அட்டை ஒன்றைப் பயன்படுத்தினேன். கணினிக்கும் ஜாமா இணைப்பானுக்கும் நடுவே 'ஜே-பேக்' என்ற சிறு போர்டு இருக்கிறது. அது கணினியின் வலுக்குறைந்த பட சமிக்ஞையைப் பெரிதாக்குகிறது. வேகம் தவறினால் திரைக்குப் போகாமல் தடுக்கிறது. பொத்தான்களை விசைப்பலகையின் விசைகளாகக் கணினிக்குச் சொல்கிறது.

கவனம் தேவை

படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கலாம். இதில் துணிச்சல் காட்டக்கூடாது. எங்கள் ஊரில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். திரையின் பின்பக்க வேலைகளை அவரிடமே விட்டேன். திரைக்கு மின்சாரம் தரும் தனிப்படுத்தும் மின்மாற்றியை, "தேவையில்லாத பாரம்" என்று நான் கழற்றப் போனபோது தடுத்தவரும் அவர்தான். வீட்டு மின்சாரத்தையும் திரையின் சுற்றையும் நேரடியாகச் சேராமல் பிரித்து வைப்பது அந்த மின்மாற்றியே.

பொத்தான் வேலை மட்டும் யாரும் செய்யலாம். ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு நுண்சுவிட்ச் உண்டு. அமுக்கும்போது 'டிக்' என்ற ஒலி வராவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். கைப்பிடியிலும் அப்படி நான்கு இருக்கும். 1980இல் வந்த பேக்-மேன் போன்ற விளையாட்டுகளுக்கு நான்கு திசை போதும். எட்டுத் திசைக் கைப்பிடியில் விளையாடினால் குறுக்கே நழுவித் தடுமாறும். பல கைப்பிடிகளில் இதற்கான தடுப்புத் தகட்டைத் திருப்பி வைக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் வைத்திருப்பது வேறு. விளையாட்டின் நிரலை நகலெடுப்பது வேறு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. விளையாட்டு பழையதாகிவிட்டது என்பதற்காக உரிமை போய்விடாது. ஆயிரம் விளையாட்டு ஒரே போர்டில் என்று விற்பவர்களில் எத்தனை பேர் அனுமதி பெற்றிருப்பார்கள் என்று சிந்தியுங்கள். கிரிட்லீ, ரோபி ரோட்டோ போன்ற சிலவற்றை அவற்றின் உரிமையாளர்களே வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாக அனுமதித்திருக்கிறார்கள். என் பெட்டியில் அத்தகைய சிலவும், வகுப்பு நண்பர்கள் எழுதிய சிறு விளையாட்டுகளும் உள்ளன. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

திரும்பக் கொண்டுவர முடியுமா?

பிஸ்கட் தகரத்தில் போட்ட போர்டு என்ன ஆனது? அதன் விளிம்பில் கறுத்திருந்த செம்பு முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்தேன். புதிய இணைப்பானில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். சில நொடிகளில் படம் வந்தது.

கடந்த தீபாவளிக்கு மாமா வீட்டுக்கு வந்தார். பெட்டியின் முன் நின்று இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டிலும் என்னைத் தோற்கடித்தார். "வேற என்னா இருக்கு இதுல?" என்று கேட்டார். மின்சாரத்தை அணைத்து, இணைப்பானைப் பழைய போர்டிலிருந்து உருவி ஜே-பேக்கில் செருகினேன். இரண்டு நிமிட வேலை. மறுபடி பழையது வேண்டுமென்றால் மறுபடி இரண்டு நிமிடம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் உறவினர் கடையிலும் இப்படி ஏதாவது ஒரு பழைய இயந்திரம் இருக்கலாம். அதைப் புதுப்பிக்கத் தொடங்கும்போது முதலில் படம் எடுங்கள். வயர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். துளை போடுவதற்கும் வெட்டுவதற்கும் முன், "இதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இயந்திரத்தோடு வாழ்ந்தவர் பக்கத்தில் இருந்தால், குறடை எடுப்பதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.